பட்டம் கட்ட வந்த அமெரிக்கத் தாய்மாமன்

புதிதாக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடற்கரைக் கோயில் வாசலில் நிற்கும் தம்பிகளே, தங்கைகளே! போன வாரம் உங்களில் ஒருத்தி எனக்குப் போன் செய்து, "மேடம், அமெரிக்காக்காரங்க அவங்க ஊர் அரசியலைப் பேச ஆரம்பிச்சா நாம என்ன செய்யணும்?" என்று கேட்டாள். பயிற்சி வகுப்பில் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பார்கள்: பேச்சை மாற்றுங்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். முப்பத்தொரு வருடம் மாமல்லபுரத்தில் சுற்றுலா வழிகாட்டியாக இருந்து மாற்றிப் பார்த்தேன். அர்ச்சுனனுக்கு மாற்றினாலும் ஆதிவராகருக்கு மாற்றினாலும், பத்து நிமிடத்தில் பேச்சு அவர்கள் ஊர் வாக்குப்பெட்டிக்குப் போய்விடும்.

முதலில் நம் தொழிலுக்கே உரிய ஒரு வியாதியைச் சொல்லிவிடுகிறேன். நம் வாயில் "தெரியாது" என்ற சொல் வராது. எதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் வராது. பாறையில் செதுக்கிய மான் ஏன் மூக்கைச் சொறிகிறது என்று ஒருவர் கேட்டால், அதற்கும் ஒரு கதை தயாராக வைத்திருப்போம். கேள்வி வந்தால் பதில் போயாக வேண்டும். இந்த வியாதியால் நான் ஒரு கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன், சிரித்துவிட்டுப் போகாதீர்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், தை மாதம். எமிலி என்ற அமெரிக்கப் பெண் என்னைத் தேடி வந்தாள். மறைமலைநகர்ப் பையன் கார்த்திக்கை அங்கே வேலையிடத்தில் காதலித்து, இங்கே செங்கல்பட்டு மண்டபத்தில் கல்யாணம் செய்துகொள்ள வந்திருந்தாள். கல்யாணத்துக்கு இன்னும் நான்கு நாள். பெண்வீட்டார் என்று வந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவளுடைய அப்பா வால்டர், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். இன்னொருவர் தாய்மாமா ராய், தென் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் குழாய் வேலை ஒப்பந்தக்காரர். அவளுடைய அம்மா மார்கரெட் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

"அப்பா ஒரு கட்சி, மாமா எதிர்க்கட்சி. ஆறு வருடமாக நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை" என்றாள். "மூன்று நாளைக்கு இவர்களுக்குக் கற்களைக் காட்டுங்கள். அரசியல் மட்டும் வேண்டாம். மாமா கோபித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டால் நான் என்ன செய்வேன்? கார்த்திக்கின் அம்மா தினமும் கேட்கிறார், பட்டம் கட்டத் தாய்மாமன் வந்துவிட்டாரா என்று."

உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணின் நெற்றியில் முதல் பட்டத்தைக் கட்ட வேண்டியவர் தாய்மாமன். பெண்ணின் அம்மாவே இல்லாத மேடையில் அம்மா வழியில் இருப்பது ராய் ஒருவர்தான். இதை மாமாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். "சும்மா வந்து உட்காருங்கள் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். பெரிதாகச் சொன்னால் பயந்துவிடுவார்" என்றாள். நானும் தலையாட்டினேன். ஒரு பெரிய மனிதரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தூக்கிக்கொண்டு நடக்க இரண்டு பேர் ஒப்பந்தம் போட்டோம், அவரைக் கேட்காமல்.

முதல் நாள் பெரிய பாறைச் சிற்பத்தின் முன் நிறுத்தினேன். யானை, கங்கை, நாகர்கள் எல்லாம் முடிந்து, கீழே ஒற்றைக் காலில் தவம் செய்யும் பூனைக்கு வந்தேன். அது சாமியார் வேடம் போட்டு நிற்கிறது, எலிகள் நம்பிச் சுற்றி நிற்கின்றன என்று சொல்லி முடிக்கவில்லை.

ராய் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மேடம், அவரிடம் சொல்லுங்கள். இந்தப் பூனைக்குத்தான் அவர் இரண்டு முறை ஓட்டுப் போட்டார்."

வால்டரும் என்னைப் பார்த்தே சொன்னார்: "அவரிடம் சொல்லுங்கள். அவர் எந்த எலி என்று நான் காட்டத் தயார்."

இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிதான். இருந்தாலும் எல்லாமே என் வழியாகத்தான் போய் வந்தது. அரசியல் பேச மாட்டோம் என்று எமிலிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்களாம். ஒருவருக்கொருவர் பேசாமல் என்னிடம் பேசினால் வாக்குத் தவறவில்லை என்பது அவர்கள் கணக்கு.

காரில் ஏறியதும் விசா வந்தது. கார்த்திக் அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க எத்தனை வருடமாக வரிசையில் நிற்கிறான் என்று அவரிடம் சொல்லுங்கள் என்றார் வால்டர். வரிசையில் நிற்பவன் மேல் எனக்கு மரியாதைதான், வரிசையைத் தாண்டிக் குதிப்பவன் மேல்தான் கோபம் என்று சொல்லுங்கள் என்றார் ராய். உங்கள் கொள்ளுத்தாத்தா கப்பலிலிருந்து இறங்கியபோது விசா என்று ஒன்றே கிடையாது, சீனாக்காரர்களுக்கு மட்டும் சட்டம் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு மற்றவர்களை உள்ளே விட்டார்கள், சரித்திரத்தைப் படிக்கச் சொல்லுங்கள் என்றார் வால்டர். படித்தவர்கள் போட்ட சட்டம்தானே அது என்று கேளுங்கள் என்றார் ராய்.

கார் ஓட்டிக்கொண்டிருந்த ஏழுமலை திருப்போரூர்க்காரர். என்னோடு பதினெட்டு வருடம் ஓடியவர். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா மேடம் இது? ரெண்டு பேரும் ஒரே வண்டிலதானே குந்திகினு கீறாங்க? நீங்க இன்னாத்துக்கு நடுவுல தபால் குடுத்துகினு கீறீங்க?"

"சும்மா ஓட்டு ஏழுமலை. கல்யாணம் முடியற வரைக்கும்தான்."

"இவங்க ரெண்டு பேரும் இன்னா முறை?"

"இவர் பொண்டாட்டிக்கு அவர் அண்ணன்."

"அட, மச்சானுங்க!" என்றார் ஏழுமலை. பின்பக்கம் திரும்பி ஒருவரைக் காட்டி "மச்சான்" என்றார், இன்னொருவரைக் காட்டியும் "மச்சான்" என்றார். அது என்ன என்று இருவரும் என்னைக் கேட்டார்கள். நீங்கள் அவருக்கு, அவர் உங்களுக்கு, இரண்டு பக்கமும் ஒரே சொல் என்றேன். ராய் அதை இரண்டு முறை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வேகத்தில் எனக்கு வியாதி முற்றிவிட்டது. வீட்டுக்குப் போய் அமெரிக்கத் தேர்தல் முறையை உட்கார்ந்து படித்தேன். மறுநாள் ஐந்து ரதத்தின் நிழலில் வைத்து வால்டர் கேட்டார், குறைந்த ஓட்டு வாங்கியவர் எப்படி ஜனாதிபதி ஆகலாம், நீங்களே சொல்லுங்கள் என்று. ஆசிரியர் முன்னால் மனப்பாடம் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். மக்கள் ஓட்டு மாநிலம் மாநிலமாக எண்ணப்பட்டு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் உள்ள வாக்காளர் குழுதான் கடைசியில் தேர்ந்தெடுக்கிறது என்றேன். ஆரம்பத்தில் சின்ன மாநிலங்களுக்கும் பெரிய மாநிலங்களுக்கும் நடந்த பேரம் அது என்றேன். "அடிமைகளை விட்டுவிட்டீர்கள்" என்றார் வால்டர். "அடிமைகளுக்கு ஓட்டு இல்லை. ஆனால் ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கில் சேர்த்து, எஜமானர்களின் மாநிலத்துக்குக் கூடுதல் பலம் கொடுத்தார்கள்." ராய் சொன்னார்: "அது பாவம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு நாலு பெரிய நகரம் சேர்ந்து எல்லாவற்றையும் முடிவு செய்தால், எங்கள் ஊரை எந்தத் தலைவன் எட்டிப் பார்ப்பான் என்று அவரிடம் கேளுங்கள்." இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை என்பதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

உடனே பெரிய திட்டம் ஒன்று போட்டேன். இவர்களை உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க அழைத்துப் போவது. கட்சியும் இல்லை, கொடியும் இல்லை, சண்டையும் இல்லை. குடவோலை ஒன்று போதும், இருவரையும் சிரிக்க வைத்துவிடும்.

மூன்றாம் நாள் அந்தக் கல்வெட்டு மண்டபத்தில் நின்று வெளுத்து வாங்கினேன். ஆயிரம் வருடத்துக்கும் முன்னால், சோழர் காலத்தில், தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பிரசாரம் கிடையாது, போஸ்டர் கிடையாது. "இந்தக் குடத்துக்கு நான் ஓட்டுப் போடுகிறேன்" என்றார் ராய். வால்டர் சத்தமாகச் சிரித்தார். மூன்று நாளில் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அப்போதுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் வால்டர் கேட்டார்: "யார் யார் பெயரைக் குடத்தில் போடலாம்?"

எனக்கு விடை தெரியும். அந்தச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் விடையைச் சொன்னால் சிரிப்புப் போய்விடும். "எல்லோர் பெயரையும் போடலாம்" என்றேன்.

பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு பலகை இருந்ததை மறந்துவிட்டேன். ராய் அதன் முன்னால் நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து நிதானமாக வாசித்தார். வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். இத்தனை வயதுக்கு மேல், இத்தனை வயதுக்குள் இருக்க வேண்டும். வாசித்து முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

"நாற்பத்தெட்டு வயது வரை வாடகை வீட்டில் இருந்தேன் மேடம். என் தாத்தா அடுத்தவன் நிலத்தில் பருத்தி பறித்தார். எங்கள் மாநிலத்தில் ஓட்டுப் போடுவதற்கே வரி கட்ட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். கட்ட முடியாமல் வாழ்நாளில் ஒரு தடவைகூட ஓட்டுப் போடாமல் செத்துப்போனார்."

"அதைத்தான் நானும் சொல்கிறேன்!" வால்டருக்குப் பிடித்துக்கொண்டது. "அவரிடம் சொல்லுங்கள். கறுப்பின மக்களைத் தடுக்கப் போட்ட வரி அவர் தாத்தாவையும் தடுத்தது. இன்றைக்கு அடையாள அட்டை இல்லாமல் ஓட்டு இல்லை என்கிறார்களே, அது அந்த வரியின் பேரப்பிள்ளை."

"ஓட்டலில் அறை எடுக்கப் பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். ஓட்டுக்குக் கேட்டால் மட்டும் என்ன குறைந்துவிடும் என்று அவரிடம் கேளுங்கள்" என்றார் ராய்.

தண்ணீர் பாட்டிலோடு வந்த ஏழுமலை என்ன தகராறு என்று கேட்டார். சொன்னேன். சட்டைப்பையிலிருந்து தன் வாக்காளர் அட்டையை எடுத்து நீட்டினார். "இந்தா கீது. துட்டு வாங்கல. வூட்டுக்கே வந்து எழுதிகினு போனாங்க."

"பார்த்தீர்களா, அட்டை!" என்றார் ராய். "பார்த்தீர்களா, வீடு தேடி வந்திருக்கிறார்கள்!" என்றார் வால்டர். ஒரே அட்டையை வைத்து இருவரும் ஜெயித்துவிட்டார்கள்.

ஏழுமலை அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "ஆனா ஒரு வாட்டி, கார்டு கையில கீது, லிஸ்ட்ல பேரு இல்ல. மூணு மணி நேரம் நின்னேன் மேடம். போய்ட்டு வாப்பான்னுட்டாங்க. அன்னிக்கு எனக்கு இன்னா மாதிரி இருந்திச்சி தெரியுமா? ஊர்ல நான் ஒருத்தன் இருக்கறதே யாருக்கும் தெரியாத மாதிரி."

அதை நான் அப்படியே மொழிபெயர்த்தேன். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். வாயை மூட வைக்க எனக்குத் தெரிந்த சரித்திரம் எதுவும் உதவவில்லை, ஏழுமலையின் மூன்று மணி நேரம்தான் உதவியது.

திரும்பி வரும்போது செங்கல்பட்டு ஏரிக்கரையில் ராய் காரை நிறுத்தச் சொன்னார். இறங்கி, ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இங்கிருந்து விமான நிலையம் எவ்வளவு தூரம்?" என்றார். மறுநாள் காலை முகூர்த்தம்.

"எல்லோர் பெயரையும் போடலாம் என்று ஏன் சொன்னீர்கள்? என்னால் உண்மையைத் தாங்க முடியாது என்றா? எமிலி உங்களை வைத்தது ஊர் சுற்றிக் காட்டவா, என்னைச் சமாளிக்கவா?"

இங்கேதான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். என் நாக்கின் நுனியில் அழகான பொய் ஒன்று தயாராக இருந்தது. முப்பது வருடப் பழக்கம். விழுங்கினேன்.

"சமாளிக்கத்தான்" என்றேன். "தப்பு. அந்தக் குடத்தில் உங்கள் தாத்தா பெயர் போயிருக்காது. என் பெயரும் போயிருக்காது, நான் பெண். ஏழுமலையின் பாட்டன் பெயரும் போயிருக்காது. எங்கள் ஊர்ப் பெருமையில் ஓட்டை தெரியக் கூடாது என்று மறைத்தேன். எமிலி மறைத்தது வேறு." பட்டத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா இல்லாத பெண்ணுக்கு அம்மாவின் பக்கத்திலிருந்து வரும் கை உங்களுடையது ஒன்றுதான், நாளைக்கு நீங்கள் சும்மா உட்கார வரவில்லை என்றேன்.

அவர் ஏரியை விட்டு என் பக்கம் திரும்பினார். "நாங்கள் இருவரும் எப்போதுமே நேராகப் பேசியதில்லை. எல்லாம் மார்கரெட் வழியாகத்தான். 'உன் அண்ணனிடம் சொல்', 'உன் புருஷனிடம் சொல்'. அவள் பாதியை மாற்றித்தான் சொல்லியிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது" என்றார். பிறகு கேட்டார்: "என் கட்சி அந்த மேடையில் யாருக்கும் பிடிக்காதே?"

ஏழுமலைக்கு மொழிபெயர்த்தேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மாமன் இன்னா கட்சின்னு யாரு கேக்கப் போறா? என் அக்கா கல்யாணத்துல எங்க மாமன் கட்சிக்கரை வேட்டியைக் கட்டிகினு வந்துதான் பட்டம் கட்னாரு. எங்க நைனா எதிர்க்கட்சி. இன்னிக்கும் டீக்கடைல ரெண்டு பேரும் பேப்பரை வெச்சிகினு அடிச்சிக்கிறாங்க. ஆனா நைனாவுக்கு ஒடம்பு முடியலன்னா, மொத ஆளா ஆட்டோ இட்டுகினு வர்றது மாமன்தான்."

அதை ராய்க்கு ஆங்கிலத்தில் சொன்னேன். காரிலேயே உட்கார்ந்திருந்த வால்டர் அப்போது இறங்கினார். பத்தடி தள்ளி நின்று என்னிடம் சொன்னார்: "அவரிடம் சொல்லுங்கள். மார்கரெட் இப்போது இருந்திருந்தால் அவரைப் பிடித்து இந்த ஏரியில் தள்ளியிருப்பாள்."

"உங்களையும் சேர்த்து என்று அவரிடம் சொல்லுங்கள்" என்றார் ராய். பிறகு, "அந்த வேட்டி எங்கே கிடைக்கும்?" என்றார்.

செங்கல்பட்டு ஜவுளிக்கடையில் ராய் தன் கட்சியின் நிறம் என்று சிவப்புக் கரை எடுத்தார், வால்டர் நீலக் கரை எடுத்தார். நான் எதுவும் விளக்கவில்லை. அதன் பலன் மறுநாள் மண்டப வாசலில் தெரிந்தது. கார்த்திக்கின் அப்பா மறைமலைநகர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தொழிற்சங்கத்துக்காரர். சிவப்புக் கரையைப் பார்த்ததும் "வாங்க தோழரே!" என்று ராயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அமெரிக்காவில் அந்தச் சொல்லைக் கேட்டால் மயங்கி விழக்கூடியவர் ராய். இங்கே மாலை மரியாதையோடு உள்ளே போனார்.

மேடையில் பட்டத்தை ராயின் கையில் கொடுத்தார்கள். மெல்லிய தங்க நிறத் தகடு, இரண்டு பக்கமும் நூல். நாற்பது வருடம் குழாய் முறுக்கிய கைக்கு அந்த நூல் பிடிபடவில்லை. எமிலி நெற்றியை நீட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் வழுக்கியது. நாதஸ்வரக்காரர் ஒரு பார்வை பார்த்தார். பின்னால் வால்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ராய் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். "மேடம், இந்த முனையைப் பிடிக்கும்படி அவரிடம் சொல்லுங்கள்."

எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. முப்பது வருட வியாதி தொண்டை வரை வந்தது. பக்கத்தில் நின்ற ஏழுமலை "சொல்லுங்க மேடம்" என்று இடித்தார். நான் மண்டபத்தின் கூரையைப் பார்த்தேன். அங்கே ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணக் கூட்டம் மொத்தமும் காத்திருந்தது. ராய் மெல்லத் திரும்பினார். ஆறு வருடத்தில் முதல் முறையாக வால்டரின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மச்சான்" என்றார். அவர் வாயில் அந்தச் சொல் கோணல்மாணலாக வந்தது. நூலின் ஒரு முனையை நீட்டினார்.

வால்டர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். பிறகு வந்து பிடித்துக்கொண்டார். இருவருமாகச் சேர்ந்து முடிச்சுப் போட்டார்கள். முடிச்சு கொஞ்சம் இடது பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. எமிலி கண்ணைத் திறந்தபோது இமைகள் நனைந்திருந்தன. கார்த்திக்கின் அம்மா பட்டத்தைச் சரி செய்ய வந்தார், அவள் விடவில்லை.

ஆகவே, போன் செய்து கேட்டவளுக்கு என் பதில் இது. அவர்கள் அரசியலைப் பேசட்டும். நம் ஊர்ப் பெருமையைச் சொல்லும்போது அதன் ஓட்டையையும் சேர்த்தே சொல். தீர்ப்பு உன் வேலை இல்லை. எந்த இடத்தில் உன் வாய் தேவைப்படாது என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருடம் ஆனது, உனக்குக் கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டும்.

பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் இருவரும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தார்கள். சாம்பார் வருவதற்குள் வாக்காளர் குழு வந்துவிட்டது, ரசத்துக்கு விசா. குரல் ஏறியது, அப்பளம் பறந்தது. நான் பழக்க தோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தேன். என்னிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. பாயசத்தை இன்னொரு முறை கேட்டு வாங்கிக் குடித்தேன்.